கல்யாண போட்டோ போனுக்கு வந்துடுச்சு... கேமரா கார்டை அழிச்சிடலாமா? வைஃபை, மெமரி கார்டு, ஓடிஜி பற்றி முழு விளக்கம்

இப்படி ஒரு சூழலை நினைச்சுப் பாருங்க. துறையூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். அதிகாலை முகூர்த்தம். தாலி கட்டி முடிஞ்ச அடுத்த நிமிஷமே, "அண்ணே, ஸ்டேட்டஸ் வைக்கணும், நாலு போட்டோ மட்டும் உடனே அனுப்புங்க" என்று மாப்பிள்ளையின் தங்கச்சி வந்து நிற்கிறார். போட்டோகிராபர் கேமராவின் வைஃபையை ஆன் செய்கிறார். படங்கள் போனுக்கு வந்து விழுகின்றன. பந்தி நடக்கும்போது கேமரா திரையில் 'கார்டு ஃபுல்' என்று வருகிறது. கையில் வேறு கார்டு இல்லை. "அதான் எல்லாம் போனுக்கு வந்துடுச்சே, இதை ஃபார்மேட் பண்ணிடலாமா?"

பண்ணக்கூடாது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை. கேமராவையும் போனையும் வயர் இல்லாமல் இணைப்பது இன்றைக்கு ரொம்ப சுலபம். கூடுதல் இடத்துக்கு மெமரி கார்டும் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் எது படத்தை நகர்த்துகிறது, எது பாதுகாக்கிறது என்ற வித்தியாசம் தெரியாவிட்டால், திரும்ப எடுக்க முடியாத படம் கையை விட்டுப் போய்விடும்.

(ஒரு சின்ன குறிப்பு: 'நினைவக அட்டை' நல்ல தமிழ்தான். ஆனால் துறையூர் பஸ் ஸ்டாண்ட் கடையில் போய் அப்படிக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அதனால் இங்கே 'கார்டு'தான்.)

போனுக்கு வந்தது ஒரிஜினல் படமா?

பல நேரங்களில் இல்லை. உதாரணத்துக்கு நிகான் நிறுவனம் 2016-ல் கொண்டுவந்த 'ஸ்னாப்பிரிட்ஜ்' செயலியை எடுத்துக்கொள்வோம். படம் எடுத்ததும் ப்ளூடூத் வழியாகத் தானாகவே போனுக்கு அனுப்பும் வசதி இதில் உண்டு. ஆனால் அப்படித் தானாக வருவது 2 மெகாபிக்சல் அளவுள்ள சிறிய நகல். கேமரா எடுத்தது 24 மெகாபிக்சல் படம் என்றால், போனில் இருப்பது அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

போன் திரையில் பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 2 மெகாபிக்சல் தாராளம். ஆனால் 12-க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட்டில் போட்டால், மணப்பெண்ணின் முகம் மங்கி, புடவை ஜரிகை எல்லாம் ஒரே கறையாகத் தெரியும். நல்ல தரத்தில் பிரிண்ட் போட வேண்டுமானால் 2 மெகாபிக்சல் படம் சுமார் 6-க்கு 4 அங்குலம் வரைதான் தாங்கும்.

கேனான், சோனி, ஃபியூஜி கேமராக்களின் செயலிகளிலும் 'ஒரிஜினல் அளவு', 'சிறிய அளவு' என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். பலர் அந்த செட்டிங்ஸ் பக்கமே போவதில்லை. 'ரா' ஃபைல் என்று சொல்லப்படும் மூலப் படம் போனுக்கு வருமா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். போனுக்கு வந்த படத்தின் 'டீடெய்ல்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்க. 6000-க்கு 4000 என்று இருந்தால் அது முழு அளவு. 1600 சொச்சம், 1900 சொச்சம் என்று இருந்தால் அது நகல்.

அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இன்னொரு முறை சுருங்கும். ஒரிஜினல் தரம் வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பணும். இதை வீட்டில் பெரியவங்களுக்கும் சொல்லி வைங்க. எத்தனையோ குடும்பங்களில் தாத்தாவின் கடைசிப் படம் வாட்ஸ்அப்பில் மட்டும்தான் இருக்கிறது.

பச்சமலையில் சிக்னல் இல்லையே, வைஃபை எப்படி வேலை செய்யும்?

இது பலருக்கும் வரும் சந்தேகம். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. துறையூரிலிருந்து சோபனபுரம் தாண்டி பச்சமலை ஏறுகிறீர்கள். வழியில் சிக்னல் விட்டுப்போன ஓர் இடம். அங்கே நின்றுகொண்டும் கேமராவிலிருந்து போனுக்குப் படம் அனுப்பலாம். ஏனென்றால் அந்த நேரத்தில் கேமராவே ஒரு குட்டி வைஃபை மோடம் மாதிரி மாறிவிடுகிறது. போன் அதோடு நேரடியாக இணைகிறது. நடுவில் டவர் இல்லை, டேட்டா பேக் செலவு இல்லை.

வைகுண்ட ஏகாதசி அன்று ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். சொர்க்கவாசல் திறப்புக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் கூடும்போது எல்லோரும் ஒரே டவரைப் பிடித்துத் தொங்குவார்கள். படம் அப்லோடு ஆகாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்திலும் கேமராவிலிருந்து போனுக்கு, ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு நேரடியாக அனுப்புவது நடக்கும். ஆண்ட்ராய்டில் 'குவிக் ஷேர்', ஐபோனில் 'ஏர்டிராப்' செய்வது இதைத்தான். கூகுளின் 'நியர்பை ஷேர்' 2024-ல் சாம்சங்கின் குவிக் ஷேரோடு இணைந்து ஒரே பெயரில் வந்துவிட்டது. அதனால் பழைய பெயரைத் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் கூட்டத்தில் இந்த நேரடி இணைப்பும் கொஞ்சம் தடுமாறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபை, ப்ளூடூத் இரண்டும் ஓடுகின்றன. போதாக்குறைக்கு மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். மண்டபம் காலியாக இருந்தபோது பத்து மீட்டரில் கிடைத்த இணைப்பு, ஆயிரம் பேர் நிற்கும்போது மூன்று மீட்டரில் அறுந்து போவது இதனால்தான். கேமராவில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதற்கு மாற்றி, போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

'கனெக்ட் ஆக மாட்டேங்குது' என்பவர்களுக்கு

பெரும்பாலும் குற்றவாளி நம் போன்தான். கேமராவின் வைஃபையில் இணைந்ததும் "இந்த நெட்வொர்க்கில் இன்டர்நெட் இல்லை, தொடரவா?" என்று ஆண்ட்ராய்டு கேட்கும். பதறிப்போய் 'வேண்டாம்' என்று அழுத்தினால் இணைப்பு போச்சு. 'தொடரவும்' என்றுதான் கொடுக்கணும். அப்படியும் சரியாகவில்லையா? மொபைல் டேட்டாவைக் கொஞ்ச நேரம் ஆஃப் செய்துவிட்டு முயற்சி பண்ணுங்க.

அடுத்தது அனுமதி. ஆண்ட்ராய்டு 12-க்குப் பிறகு 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதியும், அதற்கு முந்தைய போன்களில் லொகேஷன் அனுமதியும் வேண்டும். "கேமரா ஆப்புக்கு எதுக்கு லொகேஷன்?" என்று சந்தேகப்பட்டு மறுத்திருப்போம். ப்ளூடூத் சாதனத்தைத் தேடவே பழைய ஆண்ட்ராய்டுக்கு அந்த அனுமதி தேவைப்பட்டது. ஐபோனில் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதியைப் பாருங்க.

ஆயிரம் படம் அனுப்ப எவ்வளவு நேரம்?

ஒரு படம் 10 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் படம் என்றால் 10 ஜிபி. ப்ளூடூத் வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓடினால் ஒரு படத்துக்கு 40 வினாடி. ஆயிரம் படம் முடிய 11 மணி நேரம்! வைஃபையில் வினாடிக்கு 5 எம்பி கிடைத்தால் சுமார் 33 நிமிஷம். கார்டைக் கழற்றி, வினாடிக்கு 90 எம்பி படிக்கும் ரீடரில் போட்டால் இரண்டே நிமிஷம்.

அதனால் நாலு படம் உடனே வேண்டும் என்றால் வைஃபை. மொத்தப் படமும் வேண்டும் என்றால் கார்டு ரீடர். வைஃபையை ரொம்ப நேரம் ஓட விட்டால் கேமரா பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். கல்யாண நாளில் அது இன்னொரு தலைவலி.

ரீடரை லேப்டாப்பில்தான் போடணும் என்று இல்லை. டைப்-சி ரீடரை நேராகப் போனில் செருகலாம். இதுக்குப் பெயர்தான் ஓடிஜி. வழக்கமாக கம்ப்யூட்டருக்கு அடிமையாக இருக்கும் போன், ஓடிஜியில் தானே முதலாளி ஆகி, பென் டிரைவ், கார்டு ரீடர், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் படிக்கும். ஐபோனில் 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல் 'ஃபைல்ஸ்' செயலியில் வெளி டிரைவைத் திறக்கலாம். 2023-ல் ஐபோன் 15 டைப்-சிக்கு மாறியதும் இது இன்னும் எளிதாகிவிட்டது. ஒரு விஷயம் கவனிங்க. டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டும்தான், வேகம் அல்ல. ஐபோன் 15-லேயே சாதாரண மாடலுக்கு பழைய யுஎஸ்பி 2 வேகம், ப்ரோ மாடலுக்குத்தான் யுஎஸ்பி 3. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இதே கதைதான்.

கார்டுக்குள்ளேயே வைஃபை!

ஒரு காலத்தில் இதுக்கு வேறு வழி இருந்தது. கேமராவில் வைஃபை இல்லாத நாட்களில், மெமரி கார்டுக்குள்ளேயே வைஃபையை அடைத்து விற்றார்கள். 2007-ல் 'ஐ-ஃபை' கார்டு வந்தது, 2012-ல் தோஷிபாவின் 'ஃபிளாஷ்ஏர்'. பழைய கேமராவில் போட்டால் அதுவும் வயர் இல்லாமல் படம் அனுப்பும். கேட்கவே ஜாலியாக இருக்கிறதல்லவா? 2016-ல் ஐ-ஃபை தன் பழைய மாடல் கார்டுகளுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அந்தக் கார்டுகள் நிறுவனத்தின் சர்வரை நம்பி இருந்ததால், காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் இருந்த பொருள் நன்றாக இருந்தும் வசதி போய்விட்டது. பிறகு கேமராக்களிலேயே வைஃபை வந்ததும் இந்த வகைக் கார்டுகளுக்கு மவுசு போனது. இப்போது பழைய பொருள் விற்கும் இணையதளங்களில் இந்தக் கார்டு குறைந்த விலைக்குக் கண்ணில் பட்டால் ஒருமுறைக்கு இருமுறை யோசிங்க.

போனில் கார்டு போடும் இடம் எங்கே போச்சு?

பத்துப் பதினைந்து வருஷம் முன்னாடி செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்து 'பாட்டு ஏத்தி' வாங்கியது ஞாபகம் இருக்கா? இளையராஜா ஹிட்ஸ், புதுப் படம், பக்திப் பாடல் என்று ஃபோல்டர் ஃபோல்டராக ஏற்றித் தருவார்கள். அந்தக் கார்டைப் பல ஊர்களில் 'சிப்பு' என்றுதான் சொல்வார்கள். அப்போது கார்டு ஸ்லாட் இல்லாத போனை வாங்க யோசிப்போம்.

இப்போது விலை உயர்ந்த போன்களில் ஸ்லாட்டே கிடையாது. ஐபோனில் தொடக்கத்திலிருந்தே இல்லை. சாம்சங் 2015-ல் எஸ்6 போனில் எடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் எஸ்7-ல் திருப்பிக் கொடுத்தது. 2021-ல் எஸ்21 வரிசையில் மறுபடியும் எடுத்தது. போனின் உள் சேமிப்பகம் கார்டைவிடப் பல மடங்கு வேகமானது, கார்டு போட்டால் போன் மெதுவாகும் என்பது நிறுவனங்கள் தரப்பு நியாயம். அது உண்மையும்கூட. ஆனால் 128 ஜிபிக்கும் 256 ஜிபிக்கும் போனில் வைக்கும் விலை வித்தியாசத்தைப் பார்த்தால், வேகம் மட்டும்தான் காரணம் என்று நம்ப முடியவில்லை.

பட்ஜெட் போன்களில் இன்னும் ஸ்லாட் இருக்கிறது. ஆனால் பலவற்றில் 'ஹைப்ரிட்' ஸ்லாட். ஒன்று, ரெண்டாவது சிம் போடலாம். இல்லையென்றால் கார்டு போடலாம். ஊருக்கு ஒரு சிம், வேலைக்கு ஒரு சிம் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் இதைக் கேட்டுக்கணும்.

2015-ல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது கார்டைப் போனின் உள் சேமிப்பகமாகவே மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. அப்படி மாற்றிய கார்டு அந்தப் போனுக்கு மட்டுமே திறக்கும்படி பூட்டப்படும். போன் கீழே விழுந்து செத்துப் போனால் கார்டில் உள்ள படமும் கூடவே போய்விடும். படம் வைக்கத்தான் கார்டு என்றால் 'போர்ட்டபிள்' ஆகவே வைத்திருங்க.

'ஃபார்மேட் பண்ணவா?' என்று கேட்டால்...

அவசரப்பட்டு 'சரி' என்று அழுத்தாதீங்க. எஸ்டி கார்டு 1999-ல் அறிவிக்கப்பட்டதிலிருந்து அளவு கூடக்கூட வகையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2 ஜிபி வரை ஒரு வகை, 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி. 32 ஜிபி வரை 'ஃபேட்32' முறை, 64 ஜிபியிலிருந்து 'எக்ஸ்ஃபேட்' முறை. கேமராவில் இருந்து எடுத்த 64 ஜிபி கார்டைப் பழைய போனில் போட்டால், அதற்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாமல் "கார்டு பழுது, ஃபார்மேட் பண்ணவா?" என்று கேட்கும். கார்டில் ஒரு பழுதும் இருக்காது. சம்மதித்தால்தான் பழுது. வெளியே எடுத்து வேறு போனிலோ லேப்டாப்பிலோ போட்டுப் பாருங்க.

அதேபோல ஃபேட்32 கார்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. நீளமான வீடியோவைக் கேமரா துண்டு துண்டாகச் சேமிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

128 ஜிபி கார்டு 119 ஜிபி என்று காட்டினால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறது, கம்ப்யூட்டர் 1024 ஆகக் கணக்குப் போடுகிறது. அவ்வளவுதான்.

எந்தக் கார்டு வாங்கணும்?

கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'வினாடிக்கு இத்தனை எம்பி' என்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோ எடுக்க முக்கியம் எழுதும் வேகம். அதுக்கு சின்ன குறிகளைப் பார்க்கணும். 'சி'க்குள் 10 அல்லது 'யு'க்குள் 1 இருந்தால் குறைந்தபட்சம் வினாடிக்கு 10 எம்பி எழுதும். 'யு'க்குள் 3 அல்லது 'வி30' இருந்தால் 30 எம்பி.

4கே வீடியோவை வினாடிக்கு 100 மெகாபிட் தரத்தில் எடுக்கும் கேமரா, வினாடிக்கு 12.5 எம்பி எழுதும். அதனால் யு1 கார்டு திணறலாம், வி30 போதும். இதே கணக்கில் ஒரு மணி நேர வீடியோவுக்கு 45 ஜிபி வேண்டும். 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரியே இந்தக் கணக்கைப் போட்டு வைத்தால் பந்தி நேரத்தில் கார்டை அழிக்கிற நிலைமை வராது.

கடை வாசலில் வைஃபை சிசிடிவி மாட்டியிருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். வினாடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. 128 ஜிபி கார்டில் ஆறு நாள் பதிவுதான் நிற்கும், பிறகு பழையதன் மேலேயே எழுதும். இப்படி ஓயாமல் எழுதி அழித்தால் சாதாரணக் கார்டு சீக்கிரம் தேயும். 'ஹை என்டியூரன்ஸ்' என்று போட்டிருக்கும் கார்டுதான் இதுக்குச் சரி. திருடன் கேமராவையே கழற்றிக்கொண்டு போனால் கார்டும் கூடப் போகும் என்பதையும் மறக்கக்கூடாது.

500 ரூபாய்க்கு 2 டிபி கார்டா?

சந்தேகமே வேண்டாம், போலி. உலகின் முதல் 1 டிபி மைக்ரோ எஸ்டி கார்டுகளே 2019-ல்தான் அறிவிக்கப்பட்டன. கார்டுக்குள் ஒரு குட்டி கன்ட்ரோலர் இருக்கிறது. 'நீ எவ்வளவு பெரிசு?' என்று போன் கேட்டால் பதில் சொல்வது அதுதான். போலிக் கார்டில் அந்த கன்ட்ரோலரைப் பொய் சொல்ல வைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பது 32 ஜிபி, சொல்வது 2 டிபி. 32 ஜிபி வரை எல்லாம் நன்றாகப் போகும். அதற்கு மேல் ஏற்றும் படங்கள் பெயரளவில் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. சில கார்டுகள் முதலில் போட்ட படத்தின் மேலேயே எழுதிவிடும். நிரம்பும் வரை தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. 16 டிபி எஸ்எஸ்டி என்று சல்லிசாக விற்கும் பெட்டிகளைப் பிரித்தால் உள்ளே ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு ஒட்டியிருக்கும் கதையும் உண்டு.

புதுக் கார்டு வாங்கினால் படம் எடுக்கும் முன் சோதிங்க. விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸ், மேக்கில் 'எஃப்3' என்ற இலவச மென்பொருள்கள் கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும். கம்ப்யூட்டர் இல்லையா? பெரிய வீடியோக்களைக் கார்டு நிரம்பும் வரை காப்பி செய்து, முதல் வீடியோவும் கடைசி வீடியோவும் ஓடுகிறதா என்று பாருங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில் வாங்கி வைங்க. ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். பில் இருந்தால் பேச்சு வலுவாக இருக்கும்.

அப்ப எங்கேதான் வைக்கிறது?

ரெண்டு ஸ்லாட் உள்ள கேமரா என்றால், முதல் கார்டு நிரம்பியதும் ரெண்டாவதுக்குப் போகும்படி பலர் வைத்திருப்பார்கள். கல்யாணத்துக்கு அதை 'பேக்கப்' முறைக்கு மாற்றுங்க. ஒரே படம் ரெண்டு கார்டிலும் விழும். ஒரு ஸ்லாட்தான் என்றால் பெரிய கார்டு ஒன்றுக்குப் பதிலாகச் சின்னது ரெண்டு மூன்று வைத்துக்கொள்வது மேல். மண்டபத்திலேயே ஓடிஜி மூலம் ஒரு பென் டிரைவுக்கோ எஸ்எஸ்டிக்கோ காப்பி எடுத்துவிடலாம். காப்பி முடிந்ததும் சில படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, 'இஜெக்ட்' கொடுத்துக் கழற்றணும். வீட்டில் லேப்டாப்பில் இன்னொரு காப்பி எடுத்த பிறகுதான் கார்டை அழிப்பது.

கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக ஏற்றிய காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாத்துக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதே 15 ஜிபியில் இப்போது கை வைக்கிறது. 40 ஜிபி கல்யாணப் படத்தை 10 மெகாபிட் அப்லோடு வேகத்தில் ஏற்ற ஒன்பது மணி நேரம் ஆகும். தேர்ந்தெடுத்த இருநூறு முந்நூறு படங்களை மட்டும் கிளவுடில் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கார்டைத் தொலைத்தால், போனை விற்றால்?

இப்போதைய போன்களின் உள் சேமிப்பகம் பூட்டப்பட்டது. பின் நம்பர் தெரியாமல் திறப்பது கஷ்டம். வெளிக் கார்டு அப்படி அல்ல. யார் கையில் கிடைத்தாலும் ரீடரில் போட்டால் அத்தனையும் தெரியும். வீட்டுப் பெண்கள் படம், ஆதார் நகல் எல்லாம் அதில்தான் கிடக்கும். பழைய போனை விற்கும்போது கார்டைக் கழற்ற மறக்காதீங்க. 'டெலிட்' பண்ணிட்டேன் என்று சும்மா இருக்கவும் முடியாது. டெலிட் செய்தால் படத்தின் பெயர்ப் பட்டியல் மட்டும்தான் போகிறது, படம் அங்கேயேதான் இருக்கும். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் அனுமதியில்லாமல் எடுப்பதோ பரப்புவதோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தண்டனைக்குரிய குற்றம். கேமரா வைஃபைக்குத் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுவதும் நல்லது.

ஏற்கெனவே அழிச்சாச்சே, இப்ப என்ன பண்றது?

மேலே சொன்ன அதே குணம்தான் இங்கே காப்பாற்றும். அழித்த பிறகு அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காதீங்க. புதுப் படம் விழும் இடத்தில்தான் பழைய படம் நிரந்தரமாகச் சாகும். கார்டை உடனே கழற்றி, ஓரத்தில் இருக்கும் சின்ன 'லாக்' பொத்தானைத் தள்ளி வைங்க. மைக்ரோ எஸ்டியில் அந்தப் பொத்தான் இருக்காது; அடாப்டரில் இருக்கும். 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டை லேப்டாப்பில் போட்டு அதை ஓட்டி, மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்காமல் லேப்டாப்பில் சேமிக்கணும். ஃபைல் பெயர்கள் எல்லாம் மாறி, குப்பையாக வந்து கொட்டும். உட்கார்ந்து பொறுமையாகத் தேடினால், சாதாரண முறையில் ஃபார்மேட் ஆன கார்டிலிருந்து நிறையப் படம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. கார்டே உடைந்துவிட்டது, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை என்றால் மென்பொருளால் பயன் இல்லை. டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் போகணும். படம் கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா என்பதைக் கார்டைக் கொடுக்கும் முன்பே கேட்டு, எழுதி வாங்கிக்கோங்க.